கழுதையில் போய் வென்ற குதிரை

இருபது முகமுள்ள பகடை சிமெண்டுத் தரையில் உருளும்போது கல் உப்பைச் சிந்தினாற்போல ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்தோடு முற்றத்தில் காய்ந்துகொண்டிருந்த முண்டு மிளகாய் வத்தலின் காரமும் மூக்கில் ஏறும். இரண்டையும் இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. சின்ன வயதை நினைத்து உருகுகிறவர்கள் உருகட்டும், நான் அந்தக் கூட்டத்தில் இல்லை.

தொண்டிக்கு மேற்கே இருந்த எங்கள் ஊரில் 'பெரிய வீடு' என்றால் ஒரே வீடுதான். நிலம் அவர்களுடையது, அதில் பாடுபட்டது என் அய்யாவும் அம்மாவும். நான் ஏழாவது முடித்த கோடையில், அம்மாவோடு அந்த வீட்டு முற்றத்தில் வத்தலுக்குக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தபோது, சிங்கப்பூரிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த அந்த வீட்டுப் பிள்ளை ரகு, கைநிறையப் பகடையும் தடித்த ஓர் ஆங்கிலப் புத்தகமும் வைத்துக்கொண்டு, ஆளுக்கொரு வீரனாக மாறி அரக்கர்களோடு சண்டை போடும் ஆட்டம் ஒன்றைத் தொடங்கினான். கதை சொல்லி ஆட்டத்தை நடத்துவது அவன். வீரர்கள் மூன்று பேர் வேண்டும். அவன் பெரியப்பா மகன் முத்துராசுவும் முத்துராசுவின் தங்கை வள்ளியும் போக ஓர் ஆள் குறைந்ததால் என்னைக் கூப்பிட்டார்கள். அவர்கள் கூடத்தில், நான் வாசற்படிக்குக் கீழே. பகடை மட்டும் படி இறங்கி வரும்.

வீரன் ஏறிப்போகும் மிருகத்துக்கு ரகு 'வாகனம்' என்று தமிழ் சொன்னான். அங்கேதான் கோளாறு. எங்களுக்கு வாகனம் என்றால் சாமிக்கு உள்ளதுதான். வள்ளி உடனே மயில் கேட்டாள். சண்டைக்கு மயிலா என்று தலையில் அடித்துக்கொண்ட ரகு, தொலையட்டும் என்று எழுதிக்கொண்டான். முத்துராசு அய்யனாரின் வெள்ளைக் குதிரையை எடுத்துக்கொண்டான். என் பெயர் காளியம்மா என்பதால் நான் சிங்கம் கேட்டேன்.

"ரகுண்ணே, இவளுக்கு மூதேவி வாகனத்தக் குடுங்க," என்றான் முத்துராசு.

மூதேவிக்கு வாகனம் கழுதை. ரகு சிரித்துக்கொண்டே என் வீரனுக்கான தாளில் கழுதை என்று எழுதிக் கொடுத்தான். ஆனால் ஒன்று சொன்னான்: குகைக்குள் இருக்கும் அரக்கனைக் கொல்கிறவர், அடுத்த ஆட்டத்துக்கு விரும்பிய வாகனத்தை எடுத்துக்கொள்ளலாம், யாரும் தடுக்க முடியாது. அந்த வெள்ளைக் குதிரை எனக்கு வேண்டும் என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

நாலு நாள் ஆடினோம். முத்துராசு வேல்கம்பை நீட்டிக்கொண்டு குதிரைப் பாய்ச்சலில் வருவான். ஓடிவந்து குத்தினால் அடி இரட்டிப்பு. அதற்கு நேரான வெட்டவெளி வேண்டும் என்பதை நான் கவனித்து வைத்துக்கொண்டேன். குகைக்குள்ளோ குறுகலான படிகள், கும்மிருட்டு. குதிரை மிரண்டு நின்றுவிட்டது, புத்தகத்திலேயே அப்படித்தான் இருந்தது. மயில் முந்தின நாளே செத்துப்போயிருந்தது. கழுதை படியிலும் இருட்டிலும் கூசாமல் போகும் என்று அதே புத்தகம் சொன்னது. கழுதைக்கு முன்னால் போனால் கடிக்கும், பின்னால் போனால் உதைக்கும் என்பதோ எந்தப் புத்தகமும் எனக்குச் சொல்லவேண்டாத சங்கதி. அரக்கன் எதிரே வந்ததும் கழுதையைத் திருப்பி நிறுத்துகிறேன் என்றேன். நான் பயந்து ஓடுவதாக நினைத்து முத்துராசு கைகொட்டினான். கழுதை உதைக்கிறது என்று சொல்லிப் பகடையை உருட்டினேன். இருபது விழுந்தது. அரக்கன் காலி.

"வெள்ளக் குதிர எனக்கு," என்றேன்.

"வேற எதையாச்சும் கேளு. குதிரையில நீ ஏறக் கூடாது," என்றான் முத்துராசு.

"ரகுண்ணே, நீங்க சொன்னதுதான?"

சத்தம் கேட்டு முத்துராசுவின் அப்பா வெளியே வந்தார். "எவடி அவ, குதிர ஏறுறவ?" விஷயம் தெரிந்ததும் மனிதர் சிரித்திருக்கலாம், தாளில் எழுதிய குதிரைதானே. சிரிக்கவில்லை. மிளகாய்க் கொல்லையில் நின்ற அய்யாவைக் கூட்டிவர ஆள் அனுப்பினார். நான் ரகுவையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். புத்தகத்தை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டான், கோழைப் பயல்.

அய்யா தோள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வந்து நின்றார்.

"ஏலே கருப்பா, ஒம் மகளக் குதிரையில இருந்து எறங்கச் சொல்லு. இல்லன்னா நாளையிலருந்து நீயும் ஒம் பொண்டாட்டியும் வேலைக்கு வராதீக."

எந்தக் குதிரை, எங்கே நிற்கிறது என்று அய்யாவுக்கு விளங்கவேயில்லை. முற்றத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். வத்தலும் அம்மாவும் நானும்தான் இருந்தோம். பிறகு என்னிடம், "எறங்கிரு தாயி," என்றார்.

தாளைக் கொண்டுபோய்ப் படிமேல் வைத்துவிட்டு வந்தேன்.

இப்போது அந்தப் பெரிய வீடு இல்லை. பங்குச் சண்டையில் பூட்டிக்கிடந்து, கூரை விழுந்து, கூடம் முழுக்கச் சீமைக்கருவேல் மண்டிவிட்டது. பேருந்தில் போகும்போது பார்த்தேன், ஒரு சொட்டு வருத்தமும் வரவில்லை. நல்லா வேணும் என்றுதான் தோன்றியது. அய்யாவும் போய்ச் சேர்ந்துவிட்டார். வயிற்றுப்பாட்டுக்குப் பயந்துதான் அன்றைக்கு அப்படிச் சொன்னார். இரண்டு பிள்ளைகளை வளர்த்தவளுக்கு அது புரியாமல் போகுமா? அவரை எப்போதோ மன்னித்துவிட்டேன். சொன்ன உடனே இறங்கினாளே ஒருத்தி, பன்னிரண்டு வயதுக்காரி, அவளைத்தான் இன்னும் மன்னிக்க முடியவில்லை.