முதல் ஆயிரத்து ஐந்நூறு கிலோமீட்டர்

என் சித்தப்பா ஓர் ஆளைக் கொன்றுவிட்டார் என்று எங்கள் தெருவில் பேசிக்கொள்கிறார்கள். அது முழுப் பொய் இல்லை. ஆனால் குடித்துவிட்டு ஓட்டினார் என்று சேர்த்துச் சொல்கிறார்களே, அது பொய். டீயைத் தவிர அவர் எதையும் குடித்ததில்லை. அதனால் என்ன நடந்ததோ அதை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

சித்தப்பா இருபத்திரண்டு வருடம் ஆம்புலன்ஸ் ஓட்டியவர். சின்ன ஆஸ்பத்திரி, ஒரே வண்டி. காலை ஆறிலிருந்து மாலை ஆறு வரை சித்தப்பா. மாலை ஆறிலிருந்து காலை ஆறு வரை இன்னொரு டிரைவர். அந்த இளம் டிரைவருக்கு ராக்கெட் என்று பெயர் வைத்தது அங்கே வேலை செய்யும் நர்ஸ் அக்கா. சித்தப்பாவுக்கும் ஒரு பெயர் வைத்திருந்தார்: ஆமை.

இரண்டு வருடத்துக்கு முன்னால், நெஞ்சுவலி வந்த ஒரு பெண்ணைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்போது பழைய வண்டி பாலத்தின் மேல் நின்றுபோனது. முதலில் நீலப் புகை, அப்புறம் இரும்பு கடிபடுகிற சத்தம், அதோடு சரி. சித்தப்பா நடுரோட்டில் கையை விரித்து நின்று ஒரு சரக்கு வேனை மறித்தார். ஸ்ட்ரெச்சரை மாற்றுவதற்குள் அந்தப் பெண்ணின் மூச்சு நின்றுவிட்டது. கூட வந்த கணவர் சத்தம் போடவில்லை. “ஏங்க நின்னுச்சு?” என்று மட்டும் கேட்டார்.

மெக்கானிக் எஞ்சினைப் பிரித்துக் காட்டினார். “பிஸ்டன் வளையமெல்லாம் போச்சுண்ணே. ஆயிலைக் குடிச்சுக் குடிச்சே செத்திருக்கு. இது இப்ப வந்த நோய் இல்ல. புதுசுலயே எவனோ கண்டபடி விரட்டியிருக்கான்.”

புதிதில் அந்த வண்டியை ஓட்டிய இரண்டு பேரில் ஒருவர் சித்தப்பா. அதை அவர் மெக்கானிக்கிடம் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து சித்தியிடம் சொன்னார்.

போன வருடம் புது வண்டி வந்தது. கூட வந்த புத்தகத்தைப் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை மாதிரி மூன்று நாள் படித்தார். முதல் ஆயிரத்து ஐந்நூறு கிலோமீட்டருக்கு எப்படி ஓட்ட வேண்டும் என்று அதில் ஒரு பக்கம் இருந்தது. சாப்பிடும்போதெல்லாம் அதே பேச்சு.

“புதுச் செருப்பு காலைக் கடிக்கும்ல? அதே கதைதான். உள்ள வளையமும் சிலிண்டர் சுவரும் உரசி உரசி ஒண்ணுக்கொண்ணு பழகணும். விரட்டினா கீறிடும். ரொம்பப் பொத்திப் பொத்தி ஓட்டினாலும் சுவர் வழவழன்னு ஆயிடும், வளையம் பிடிக்காது. ஒரே வேகத்துல போகக் கூடாது. கூட்டணும், குறைக்கணும்.”

“கல்யாணமான புதுசுல என்கிட்ட இவ்வளவு பொறுமை காட்டலையே” என்றார் சித்தி.

“நீதான் நல்லா ஓடுறியே.”

“புகை வர்றது உங்க கண்ணுக்குத் தெரியல.”

உயிருக்குப் போராடுகிறவர் உள்ளே இருந்தால் புத்தகத்தைத் தூக்கிப் போட்டுவிடுவேன் என்று சித்தப்பா முதலிலேயே சொல்லியிருந்தார். மற்ற நேரத்தில் புத்தகம் சொன்னபடிதான். எழுபதைத் தாண்ட மாட்டார். நின்ற இடத்தில் எஞ்சினை ஓடவிட மாட்டார். ஆஸ்பத்திரி வாசலில் வெயில் கொளுத்தும்போது ஏசி போடச் சொல்லி நர்ஸ் அக்கா சண்டை பிடிப்பார்.

“அண்ணே, நான் உள்ள வெந்துக்கிட்டிருக்கேன்.”

“இறங்கி நிழல்ல நில்லும்மா.”

“எஞ்சினுக்கு இருக்கிற மரியாதை எனக்கு இல்ல.”

“நீ நடுவழியில நின்னா இன்னொரு நர்சைக் கூப்பிடலாம்.”

புது வண்டி வந்த முதல் ராத்திரியே ராக்கெட் அதை நூற்றிருபதில் ஓட்டிவிட்டார். காலையில் சாவியைக் கொடுக்கும்போது அவரே சிரித்துக்கொண்டு சொன்னார்.

“உள்ள யார் இருந்தா?” என்றார் சித்தப்பா.

“யாருமில்லண்ணே. எப்படி இழுக்குதுன்னு சும்மா பார்த்தேன்.”

சித்தப்பா திட்டவில்லை. சாவியைச் சட்டைப் பையில் போட்டுப் பொத்தானை மாட்டினார். “ஆயிரத்து ஐந்நூறு ஆகிற வரைக்கும் ராத்திரியும் நானே ஓட்டுறேன். டியூட்டி நோட்டுல நீ கையெழுத்து மட்டும் போட்டுடு.”

“அப்ப நான் என்ன பண்றது?”

“தூங்கு.”

“கும்பிடப் போன தெய்வம் குறுக்க வந்த மாதிரி இருக்குண்ணே” என்றார் ராக்கெட். டிரைவர் அறையில் இருந்த ஒரே கட்டிலில் அன்றிலிருந்து அவர்தான் படுத்தார். சித்தப்பா அழைப்பு இல்லாத நேரத்தில் பெஞ்சில் உட்கார்ந்தபடியே கண்ணை மூடிக்கொள்வார். பதினைந்து நிமிடம், இருபது நிமிடம். ஒரு ராத்திரிக்கு நான்கு அழைப்பு வரும்.

ஐந்தாம் நாள் குளிக்க வீட்டுக்கு வந்தவர், குளியலறையில் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கச் சுவரில் சாய்ந்து தூங்கிவிட்டார். கதவைத் தட்டித் தட்டிச் சித்திக்குக் கை வலித்துவிட்டது. வெளியே வந்ததும் சித்தப்பா சொன்னது: “எழுநூறு ஆயிடுச்சு. பாதிதான் பாக்கி.”

“அந்தப் பாதிக்குள்ள நீங்க முழுசா இருப்பீங்களா?” என்று சித்தி கேட்டார். வேண்டாம் என்று நாங்கள் யாரும் அவர் கையைப் பிடித்து நிறுத்தவில்லை. ஒரு நல்ல காரியம் செய்கிறார் என்றுதான் நானும் நினைத்தேன்.

ராத்திரியும் ஓட்ட ஆரம்பித்த பன்னிரண்டாம் நாள், மத்தியானம் மூன்று மணி. அவசரமே இல்லாத பயணம். ஆபரேஷன் முடிந்து குணமான ஒரு தையல்காரரை வீட்டில் கொண்டுபோய் விட வேண்டும். அவர் படுக்க மாட்டேன் என்று ஸ்ட்ரெச்சரில் எழுந்து உட்கார்ந்துகொண்டார். நர்ஸ் அக்கா பெல்ட் போடச் சொன்னதற்கு, “தையல் பிரிஞ்சா நானே போட்டுக்குவேன்மா” என்றாராம். முன்னால் எட்டிப் பார்த்து, “டிரைவர் சார், சட்டை உடம்புல நிக்கலையே. கொண்டு வாங்க, பிடிச்சுத் தர்றேன்” என்றும் சொன்னாராம். அந்தப் பன்னிரண்டு நாளில் சித்தப்பா அவ்வளவு இளைத்திருந்தார்.

சித்தப்பா பதில் சொல்லவில்லை. ரோட்டைக் கவனிக்கிறார் என்று நர்ஸ் அக்கா நினைத்தார். அறுபதில் போய்க்கொண்டிருந்த வண்டி அப்படியே இடது பக்கம் சாய்ந்து, ரோட்டை விட்டு இறங்கி, ஓடைப் பாலத்தின் கல்தூணில் பக்கவாட்டில் மோதி நின்றது. நர்ஸ் அக்காவுக்குத் தோள்பக்கம் காறையெலும்பு உடைந்தது. தையல்காரரின் தலை இரும்புத் தடுப்பில் அடித்தது. எஞ்சின் மட்டும் ஒரு நடுக்கமும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. சித்தப்பா கையை நீட்டி அதை நிறுத்தினார். மீட்டரில் ஆயிரத்து நானூற்றுச் சொச்சம்.

மூன்றாம் நாள் தையல்காரர் இறந்துபோனார்.

போலீஸ் ஸ்டேஷன் வாசலில் ராக்கெட் சித்தப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். “ராத்திரி நான்தான் ஓட்டினேன்னு நோட்டு சொல்லுது. நீங்க வாயைத் திறக்காதீங்கண்ணே. ஸ்டியரிங் பிடிச்சுக்கிச்சுன்னு சொல்லுங்க. புது வண்டி, என்ன வேணா ஆகலாம். யார் கேக்கப் போறா?”

“வண்டி மேல ஒரு குறையும் இல்ல” என்றார் சித்தப்பா. உள்ளே போய் அதையே சொன்னார். பதினோரு ராத்திரியும் தானே ஓட்டியதைச் சொன்னார், தூங்கியதையும் சொன்னார். எழுதிக்கொண்டிருந்த போலீஸ்காரர் பேனாவை வைத்துவிட்டு, “இதெல்லாம் நான் கேக்கவே இல்லையே” என்றாராம்.

உரிமம் போனது. வேலை போனது. வழக்கு நடக்கிறது. பொய்க் கையெழுத்துக்காக ராக்கெட்டை நான்கு மாதம் நிறுத்திவைத்துத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள்.

சித்தப்பா ஒரு நாள் தையல்காரர் வீட்டுக்குப் போனார். நானும் கூடப் போனேன். மிஷினில் ஒரு கால்சட்டை பாதி தைத்தபடி இருந்தது. அவர் மனைவி எங்களை உட்காரச் சொல்லவில்லை, போகவும் சொல்லவில்லை. “தூக்கம் வந்தா ஓரமா நிறுத்தியிருக்கலாமே?” என்றார். சித்தப்பா தலையாட்டினார். அப்படியே திரும்பிவிட்டோம்.

இப்போது ஒரு குடோனில் கேட்டைத் திறந்து மூடுகிற வேலை. அவருக்கு நன்றாகத் தூக்கம் வருகிறது என்பதுதான் சித்திக்குப் பெரிய பயம். படுத்ததும் தூங்கிவிடுகிறார். உலுக்கினாலும் எழுவதில்லை.

போன வாரம் ராக்கெட் வந்தார். வண்டியை நசுங்கிய தகட்டை மாற்றி, பெயின்ட் அடித்து ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். தெருமுனையில் நிறுத்திவிட்டு நடந்து வந்தார். சித்தி டீ கொடுத்தார். ஆறுதலாக இருக்கும் என்று ராக்கெட் நினைத்தாரோ என்னவோ, “எஞ்சின் தங்கம்ண்ணே. ஒரு சொட்டு ஆயில் குறையல” என்றார்.

சித்தப்பா அதைக் காதில் வாங்கவே இல்லை. ராக்கெட்டின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். “என் இடத்துக்கு ஆள் போட்டாங்களா?”

“போடுறோம் போடுறோம்னு சொல்றாங்க.”

“அப்ப பகல்ல யாரு ஓட்டுறா?”

ராக்கெட் டீயை ஊதினார். அவர் கண் இரண்டும் சிவந்திருந்தன.

“எத்தனை மணி நேரம் தூங்கின?”

“எட்டு மணி நேரம்ண்ணே. சத்தியமா.”

சித்தப்பா கையை நீட்டினார். “சாவியைக் கொடு. இங்கயே ஒரு மணி நேரம் படு.”

அதற்குள் ராக்கெட்டின் போன் அடித்தது. ஏதோ குழந்தைக்கு வலிப்பு என்று கேட்டது. அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு ஓடினார். நாங்கள் வாசலுக்கு வருவதற்குள் வண்டி கிளம்பிவிட்டது.