பளிச்சு அக்கா தொலைத்த சட்டை

பளிச்சு அக்காவின் லாண்டரியில் ஒரு கைக்குட்டைகூடத் தொலைந்ததில்லை. அக்காவைக் கண்டாலே ஆகாதவர்களும் இதை மட்டும் ஒப்புக்கொள்வார்கள். பேனா மை, வண்டி கிரீஸ், இளைஞர் அணித் தலைவர்களின் காலரில் ஒட்டியிருக்கும் தலைச்சாயம் என்று எதுவும் அவர் கையில் தப்பியதில்லை. பட்டப்பெயரும் அப்படி வந்ததுதான். யார் வீட்டுச் சட்டைப் பையில் எந்த ஊர் லாட்ஜ் ரசீது இருந்தது என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. ஆனால் வாயைத் திறக்கமாட்டார். தெருவில் பல குடும்பங்கள் இன்னும் குடும்பங்களாக இருப்பதற்கு அதுவே காரணம்.

எதிர்க்கடை பேக்கரித் தம்பி வேறு சாமியைக் கும்பிடுகிறவர். அது இருவருக்கும் ஒரு விஷயமாகவே இருந்ததில்லை. சண்டையெல்லாம் அவருடைய ஏப்ரன் பற்றித்தான்.

"காஞ்ச மாவு சிமெண்டுக்குச் சித்தப்பா, தெரியுமா? கழட்டுன உடனே உதறித் தொலைடா!"

"உதறுனா உங்களுக்கு வேலை எங்க இருக்கும்க்கா?"

இப்படிப் போய்க்கொண்டிருந்த தெருவில் அறத்தை நிலைநாட்ட ஓர் ஊர்வலம் வந்தது. நிலைநாட்டி முடித்தபோது பேக்கரி கரியாகியிருந்தது. தம்பியின் மண்டை பிளந்திருந்தது. காவல்துறை கண்ணும் கருத்துமாகத் துப்புத் துலக்கி, அவரே தன் கடைக்குத் தீ வைத்துவிட்டு, அனுதாபம் தேட ரொட்டித் தட்டால் தன் பின்மண்டையில் அடித்துக்கொண்டார் என்று கண்டுபிடித்தது. ஆஸ்பத்திரியில் போட்ட தையலோடு அவரை ஜெயிலுக்கு அனுப்பினார்கள். ஊர்வலத்தை ஏற்பாடு செய்த கட்சிச் செயலாளரோ, அன்று முழுக்கக் காய்ச்சலில் வீட்டில் போர்த்திப் படுத்திருந்தாராம். டாக்டர் சான்றிதழே இருந்தது.

சாட்சி சொல்ல ஆளில்லை. தெருவே ஷட்டரை இறக்கியிருந்தது. அக்காவும் இறக்கியிருந்தார். ஷட்டருக்கு வெளியே "அக்கா" என்று ஒரு குரல் கேட்டது. அக்கா திறக்கவில்லை.

கடைகள் மறுபடி திறந்த அன்று, வீடு வீடாகப் போய்த் துணி வாங்கிவரும் அக்காவின் கணவர், செயலாளர் வீட்டு மூட்டையைக் கொண்டுவந்து வைத்தார். போர்வைகளுக்கு நடுவே ஒரு புத்தம்புது வெள்ளைச் சட்டை. பையில் கட்சிச் சின்னம் பூவேலை. மார்பில் ரத்தம், கையில் கரி, முழுக்க மண்ணெண்ணெய் வாடை.

இப்படிப்பட்ட சட்டையை யாராவது லாண்டரிக்குப் போடுவார்களா என்று கேட்கக்கூடாது. செயலாளர் ஒழுங்கானவர். அழுக்கான சட்டை லாண்டரிக்குப் போகும், வெள்ளையாகத் திரும்பி வரும்; அவர் அறிந்த உலக நியதி அதுதான். துவைக்கிற கைக்கு மேலே இரண்டு கண்ணும் இருக்கும் என்பது அவருக்குத் தோன்றியதே இல்லை.

அக்கா சட்டையைத் தனியே எடுத்து வைத்துவிட்டு உள்ளே போனார். திரும்பி வந்தால், கணவர் கெட்டிலோடு நிற்கிறார். சட்டை மார்பில் ஆவி பறக்கிறது.

"என்னய்யா பண்ற?"

"நமக்கு எதுக்கும்மா வம்பு? கறையைப் போக்கிக் கொடுத்துருவோம்."

"கொதிக்கிற தண்ணியா ஊத்துன?"

"ஆமா."

தொட்டிப் பக்கம் ஒரு நாளும் எட்டிப் பார்க்காத அந்த மனிதரை அக்கா முதல் தடவையாகக் காதலோடு பார்த்தார். "ரத்தத்துக்குப் பச்சத்தண்ணிதான்யா. சுடுதண்ணி பட்டா உள்ளயே பிடிச்சுக்கும். இனி நானே நெனச்சாலும் போகாது. நல்லா இரு!"

மற்றத் துணிகள் மடிப்புக் கலையாமல் செயலாளர் வீட்டுக்குப் போயின. சட்டை? தொலைந்துவிட்டதாம். அக்கா தன் வாயாலேயே தெருவெல்லாம் சொன்னார். செயலாளர் ஆள் விட்டார், அதட்டினார். அடுத்த வாரம் பெரிய தலைவர் வருகிறார், அதைத்தான் போட வேண்டும்.

"எந்தச் சட்டைன்னே ஞாபகம் வரலையேண்ணே. உங்களுதுதானான்னு சந்தேகமா இருக்கு. அமைதிக் கூட்டத்துல நாலு பேர் முன்னாடி சொல்லுங்க, கட்டுப்படுறேன்."

அமைதிக் குழு பள்ளிக்கூட ஹாலில் கூடியது. இன்ஸ்பெக்டர் வந்திருந்தார். பேக்கரித் தம்பியின் மனைவி தன் வக்கீலம்மாவோடு கடைசி பெஞ்சில் இருந்தார். செயலாளரின் தம்பிமார்கள் அண்ணனின் பேச்சை உலகுக்கு வழங்க போனைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். சகோதரத்துவம் பற்றி உருக்கமாகப் பேசி முடித்ததும் செயலாளர் தன் துயரத்துக்கு வந்தார்.

"இவங்களை நம்பித் துணி போட்டா, என் சட்டையையே தொலைச்சுட்டாங்க!"

அக்கா எழுந்தார். "பழைய சட்டை ஒண்ணுக்கு இவ்வளவு பேச்சாண்ணே?"

"பழசா? ஊர்வலத்துக்குன்னே தைச்சது! அன்னைக்குக் காலையிலதான் டெய்லர் கொண்டாந்தான். ஊர்வலத்துக்கு ஒரே ஒரு தடவை போட்டதோட சரி!"

காய்ச்சல் சான்றிதழைப் பத்திரமாகக் கோப்பில் வைத்திருந்த இன்ஸ்பெக்டர் கூரையை ஆராய்ந்தார். தம்பிமார்கள் மட்டும் விவரம் புரியாமல் படம் பிடித்துக்கொண்டே இருந்தார்கள்.

"அப்ப இதுதாண்ணே" என்று அக்கா பையிலிருந்து சட்டையை எடுத்து, உலர்த்தப் போடுவதுபோல் இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தார்.

இன்ஸ்பெக்டர் பாய்ந்து கையை நீட்டினார்.

"உங்ககிட்ட வேணாம் சார். நீங்க என்னைவிட நல்லா துவைப்பீங்க." சட்டை கடைசி பெஞ்சுக்கு, வக்கீலம்மாவின் கைக்குப் போனது. "அவரு வீட்டு மூட்டையில வந்துச்சு. கோர்ட்டுலயும் நானே வந்து சொல்றேன்."

அக்காவின் கடைக் கண்ணாடியை யாரோ உடைத்தார்கள். அட்டையை ஒட்டிக் கடை திறந்தார். பாதித் தெரு துணி போடுவதை நிறுத்தியது; தலைச்சாயக்காரர்கள் மட்டும் பின்வாசல் வழியாக வந்துபோனார்கள். சட்டையும் தம்பிமார்கள் பிடித்த படமும் கோர்ட்டுக்குப் போயின; செயலாளருக்கு இப்போது நிஜமாகவே காய்ச்சல், ஜெயில் ஆஸ்பத்திரியில்.

பேக்கரித் தம்பி ஜாமீனில் வந்தார். வழக்கு இன்னும் முடியவில்லை. தலையில் தழும்போடு லாண்டரி வாசலில் நின்று, அன்று உடம்பில் கிடந்த ஏப்ரனை மேசைமேல் வைத்தார். மாவும் கரியும் ரத்தமுமாக விறைத்திருந்தது.

"துவைக்கணும்க்கா."

அக்கா அதைப் பார்த்தார். ஷட்டரைப் பார்த்தார்.

"அன்னைக்கு நீ கூப்பிட்டது கேட்டுச்சுடா."

"தெரியும்க்கா."

அக்கா ஏப்ரனை உதறாமல் மடித்து அலமாரியில் வைத்துப் பூட்டினார். சாவியை இடுப்பில் செருகினார்.

"தீர்ப்பு வரட்டும். அப்புறம் துவைக்கிறேன்."

இரவில்கூட இப்போது அந்த ஷட்டர் பாதிக்குமேல் இறங்குவதில்லை.