ஒரு தொலைபேசிக்கு ஒரு படகு

எனக்கு யாரையும் சட்டென்று நம்ப வராது. மீன்காரர் இன்றைய மீன் என்றால் செவுளைத் தூக்கிப் பார்ப்பேன். வைத்தியர் ஒன்றுமில்லை என்றால், ஒன்றுமில்லாததை ஏன் இவ்வளவு நேரம் சோதித்தார் என்று யோசிப்பேன். சந்தேகக் கோடு சந்தோஷக் கேடு என்று என் கணவர் வாரத்தில் இரண்டு தடவையாவது சொல்வார். அவர் அதை அவ்வளவு அடிக்கடி சொல்வதிலும் எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

ஆனால் மென்பொருள் எழுதுகிறவளுக்கு இந்தக் குணம்தான் சோறு போடுகிறது. திருகோணமலையில் உட்துறைமுக வீதிக்குப் பக்கத்தில், ஒரு கடைக்கு மேலே இருக்கும் இரண்டு அறைகளில் நானும் இன்னொருவரும் வேலை செய்கிறோம். அவர் என்னைவிட நான்கு வயது இளையவர். கட்டைபறிச்சானில் பிறந்தவர். என்னை அக்கா என்பார், ஆனால் நீங்கள் என்றுதான் பேசுவார். நானும் அப்படியே. அவருடைய சொந்த அக்கா இறக்கக்கண்டியில் கலியாணம் முடித்து, அங்கே கடற்கரையில் கணவரோடு ஒரு வாடி வைத்திருக்கிறார். வாடி என்றால் வலையும் ஆட்களும் சேர்ந்து கிடக்கும் ஓலைக் கொட்டில்தான்.

அந்த உறவு வழியாகத்தான் எங்களுக்கு அந்த வேலை வந்தது. அந்தக் கரையிலுள்ள ஒரு மீனவர் சங்கத்துக்கு ஒரு திரை வேண்டும். எந்தப் படகு கடலில் நிற்கிறது, எது கரைக்கு வந்துவிட்டது என்று அது காட்ட வேண்டும். கச்சான் காற்று கரையிலிருந்து கடலைப் பார்த்து அடிக்கும். அந்த மாதங்களில் எஞ்சின் நின்றுபோன படகை அது வெளியே தள்ளிக்கொண்டே போகும். வராத படகு எது என்று நேரத்தோடு தெரிந்தால்தான் தேடிப் போகலாம். திரை பொய் சொன்னால் ஓர் உயிர் போகும். இதை முதல் நாளே கொப்பியில் எழுதி, அடியில் கோடும் போட்டேன்.

கோட் எழுத உதவும் ஏஐ ஒன்றை நாங்கள் வைத்திருந்தோம். அது பெரிய உதவியாளர். அதன் கீழே நாங்களே சின்னச் சின்ன ஏஜென்ட்களை அமைத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலையைப் பிரித்துக் கொடுக்கலாம். ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் எழுத வேண்டும்: நீ யார், உன் வேலை என்ன, எதைத் தொடலாம், எதைத் தொடக் கூடாது. அந்தப் பக்கமும், பெரிய உதவியாளர் சொல்லிவிடுகிற வேலையும்தான் அதற்குத் தெரியும். முடிந்ததும் ஓர் அறிக்கையைத் தந்துவிட்டு எல்லாவற்றையும் மறந்துவிடும்.

எனக்காகவே கண்டுபிடித்தது போல இருந்தது. ஒன்று தேடிப் படிக்கும், ஆனால் எழுதக் கூடாது. ஒன்று எழுதும், ஆனால் தான் எழுதியதைத் தானே சோதிக்கக் கூடாது. சோதிப்பது இன்னொன்றின் வேலை, அது கோட் வரிகளில் ஓர் எழுத்தையும் மாற்றக் கூடாது. இவை எல்லாவற்றுக்கும் மேலே குறை பிடிக்கிற ஒன்று. வேலியே பயிரை மேய்ந்துவிடக் கூடாது என்பதில் நான் அவ்வளவு கவனமாக இருந்தேன். இது வேலைக்கு ஆள் வைத்தது போல இல்லை, மறியலில் கிடக்கிற கள்ளனுக்குக் காவல் வைத்தது போல இருக்கிறது என்று அவர் சிரித்தார்.

குறை பிடிக்கிற ஏஜென்ட் முதல் கிழமை முழுவதும் பாராட்டு மழை பொழிந்தது. தெளிவான அமைப்பு, நல்ல பெயரிடல், குறையொன்றும் இல்லை. அவ்வளவு பாராட்டை நான் நம்பவில்லை. நோண்டிப் பார்த்தால், எழுதிய ஏஜென்ட் தன் வேலையைப் பற்றித் தானே எழுதிய சுருக்கத்தைப் பெரிய உதவியாளர் இதனிடம் கொடுத்துவிட்டிருக்கிறது. மாப்பிள்ளை எப்படி என்று மாப்பிள்ளையின் தாயிடமே விசாரித்த கதை. அந்தச் சுருக்கத்தை நிறுத்தினேன். இனிமேல் எழுதிய கோட் ஒன்றை மட்டும் பார்க்கட்டும் என்றேன்.

பிறகு வேண்டுமென்றே நான்கு பிழைகளை ஒளித்து வைத்துச் சோதித்தேன். மூன்றைத்தான் பிடித்தது. கோபம் வந்தது. அதன் பக்கத்தை முழுதாக அழித்துவிட்டுப் புதிதாக எழுதினேன். முதல் வரி இதுதான்: 'எவரையும் நம்பாதே. எழுதியவர் பிழை விட்டிருக்கிறார், விவரம் தந்தவர் பொய் சொல்லியிருக்கலாம், கண்டுபிடி.' அடுத்த தடவை நான்கையும் பிடித்தது. கூடவே இல்லாத பதினேழு பிழைகளையும் பிடித்தது.

அந்தப் பதினேழையும் அவர் பொறுமையாக ஒவ்வொன்றாகப் படித்தார்.

“குறை இருக்கு, போய்ப் பார் எண்டு அனுப்பினா அது வெறுங்கையோட திரும்பி வராது, அக்கா,” என்றார். “இல்லாட்டியும் ஒண்டைச் செய்துகொண்டு வரும்.”

குறை இல்லாவிட்டால் இல்லை என்று சொல்லலாம் என ஒரு வரி சேர்க்கச் சொன்னார். சேர்த்தேன். விவரத்தில் சந்தேகம் வந்தால் அந்தக் கரையிலுள்ள ஆட்களைக் கேட்கச் சொல்லி இன்னொரு வரியும் சேர்க்கச் சொன்னார். அதற்கு நான் சம்மதிக்கவில்லை. ஆட்களைக் கேட்டால் ஆட்கள் தங்களுக்கு வாய்ப்பானதைத்தான் சொல்வார்கள் என்றேன். அவர் தோளைக் குலுக்கிவிட்டு விட்டுவிட்டார். அவ்வளவு சுலபமாக ஏன் விட்டுக்கொடுத்தார் என்று அன்று முழுவதும் யோசித்தேன்.

உண்மையைச் சொன்னால், அந்த நாட்களில் எனக்கு அவர் மேலும் ஒரு கண் இருந்தது. தொலைபேசி அடித்தால் எழுந்து படிக்கட்டுக்குப் போய்விடுவார், குரலைத் தாழ்த்துவார். படகுகளின் பட்டியலைச் சங்கத்திடமிருந்து வாங்கி வந்தவரும் அவரே. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பது எனக்குத் தெரியாததல்ல. தெரிந்தும் பேயைத் தேடினேன்.

அவருடைய தாயாருக்குக் கண்ணில் சத்திரசிகிச்சை என்று மூன்று நாள் ஊருக்குப் போயிருந்தார். இரண்டாம் நாள் குறை பிடிக்கிற ஏஜென்டின் அறிக்கையில் ஒரு வரி இருந்தது: 'நான்கு படகுகளுக்கு ஒரே தொலைபேசி எண். மூன்று பொய்ப் பதிவாக இருக்கலாம்.' எண்ணைப் பார்த்தேன். அது அவருடைய அக்காவின் வாடி.

எனக்கு வந்தது கவலையல்ல, மகிழ்ச்சி. இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் அதுதான் உண்மை. பதிவிலுள்ள படகுகளுக்கு மண்ணெண்ணெய் பங்கிட்டுக் கொடுக்கிறார்கள் என்று எங்கோ கேட்டிருந்தேன். ஒரு படகை வைத்துக்கொண்டு நான்கு என்று பதிந்திருக்கிறார்கள், அதற்குத்தான் இந்தப் படிக்கட்டுக் கதைகள் என்று ஒரு நிமிடத்தில் எல்லாம் எனக்குப் பொருந்திவிட்டது. தொலைபேசியில் ஒரு கோல் எடுத்துக் கேட்டிருக்கலாம். கேட்டால் உஷாராகிவிடுவார் என்று கேட்கவில்லை.

எழுதுகிற ஏஜென்டுக்குச் சொன்னேன்: ஒரு தொலைபேசிக்கு ஒரு படகு. அது மூன்று படகுகளைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. அதுவரை கடலுக்குப் போகும்போதும் திரும்பும்போதும் படகின் இலக்கத்தை மெசேஜாக அனுப்ப வேண்டியிருந்தது. இனி கோல் வரும் எண்ணே படகைக் காட்டிவிடும், இலக்கம் தேவையில்லை, போவதற்கு ஓர் எண்ணுக்கும் வந்ததற்கு இன்னோர் எண்ணுக்கும் மிஸ்ட் கோல் கொடுத்தால் போதும் என்று மாற்றினேன். சோதிக்கிற ஏஜென்ட் தானே சில படகுகளைக் கற்பனை செய்து, ஒவ்வொன்றுக்கும் தனித்தனித் தொலைபேசி கொடுத்து, எல்லாம் சரி என்றது. குறை பிடிக்கிறதும் குறை இல்லை என்றது. எல்லாம் பச்சை.

அவர் திரும்பி வந்ததும் மிஸ்ட் கோல் மாற்றத்தை மட்டும் சொன்னேன். படகுகளை எடுத்ததைச் சொல்லாமல் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் எனக்கு ஊரிலிருந்து தயிர்ச் சட்டி ஒன்று கொண்டுவந்திருந்தார். இது எதற்கு என்று அதையும் சந்தேகமாகத்தான் வாங்கி வைத்தேன்.

பதினொரு நாள் ஒன்றும் நடக்கவில்லை. பன்னிரண்டாம் நாள் காலையிலேயே கச்சான் கிளம்பியது. மத்தியானம் ஜன்னல் கதவுகள் அடித்துக்கொண்டன. எங்கள் ஊர் வீதிகளில் மாடுகளைப் போலத் திரியும் மான்கள்கூட எங்கள் கடைச் சுவரோடு ஒதுங்கி நின்றன. திரையில் வெளியே நிற்கும் படகுகள் பூச்சியம் என்று காட்டியது. நான் பெருமையோடு தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன்.

அவருடைய தொலைபேசி அடித்தது. வழக்கம்போலப் படிக்கட்டுக்குப் போனார். நான் காதைத் தீட்டினேன். உள்ளே வந்தபோது அவர் முகத்தில் இரத்தமே இல்லை.

“அத்தான் வரேல்லை, அக்கா. மற்ற மூண்டு படகும் காலமையே வந்திட்டுது. சங்கத்தில போய்ச் சொன்னா, திரையில எல்லாரும் வந்திட்டினம் எண்டு சொல்லுகினமாம்.”

நான் பட்டியலைத் திறந்தேன். அந்த வாடிக்கு ஒரே ஒரு படகு. காலையிலேயே கரைக்கு வந்துவிட்டதாக எழுதியிருந்தது.

அவர் எனக்குப் பின்னால் நின்றபடி, கோபமே இல்லாமல், வாடியின் வழக்கத்தைச் சொன்னார். கடலுக்குப் போகிறவர்கள் தொலைபேசி கொண்டுபோக மாட்டார்கள். உப்புத் தண்ணீரில் அது பழுதாகிவிடும், கொஞ்சத் தூரம் போனால் சிக்னலும் இல்லை. வாடியில் நான்கு பேரின் நான்கு படகுகள், தொலைபேசி ஒன்றுதான், அது குசினியில் சமைக்கிற அவருடைய அக்காவிடம் இருக்கும். படகுகள் ஒவ்வொன்றாக வர வர நான்குக்கும் அவர்தான் அறிவிப்பார். மிஸ்ட் கோல்களைத் திரை ஒவ்வொரு படகாக எண்ணும் என்று என் சகா நினைத்திருந்தாராம். முதல் படகு வந்ததும் அக்கா கொடுத்த மிஸ்ட் கோலோடு என் திரை நான்கு படகுகளையும் கரையேற்றிவிட்டது.

என் சகா சங்கத்துக்குக் கோல் எடுத்து, திரை பிழை, திரையைப் பார்க்க வேண்டாம் என்று கத்தினார். கடற்படைக்கும் அறிவித்தார்கள். ஆனால் அதற்கு முன்பே அவருடைய அக்கா சங்கத்துக் கதவடியில் நின்று சண்டை பிடித்து, இரண்டு படகுகளைத் தேடி வெளிக்கிட வைத்திருந்தார். திரை என்ன சொன்னாலும் என்ர மனுசன் இன்னும் வரேல்லை என்று அந்த ஒரு வசனத்தையே திரும்பத் திரும்பச் சொன்னாராம். என் திரையை நம்பாத ஒருவர் அங்கே இருந்ததால்தான் தேடல் தொடங்கியது.

பொழுது சாய்கிற நேரத்தில், கரை கண்ணுக்குத் தெரியாத தூரத்தில் படகைக் கண்டுபிடித்துக் கட்டியிழுத்து வந்தார்கள். எஞ்சின் செத்து, நாள் முழுக்கத் தண்ணீர் இறைத்து, அத்தானின் உள்ளங்கைகள் இரண்டும் தோலுரிந்திருந்தன. ஆனால் உயிரோடு வந்தார்.

அந்தச் செய்தி வந்த பிறகுதான் என் சகா கதிரையில் உட்கார்ந்தார். இது எப்படி நடந்தது என்று கேட்டார். குறை பிடிக்கிற ஏஜென்ட்தான் பிழையாகச் சொல்லிவிட்டது என்று முதலில் நான் சொன்னேன். அதற்கு எழுதிக் கொடுத்த பக்கத்தைக் காட்டச் சொன்னார். காட்டினேன். முதல் வரியைப் படித்தார். பிறகு அறிக்கை வந்த திகதியைப் பார்த்தார். தாயாருக்குக் கண் வெட்டிய நாள்.

“விவரம் தந்தவர் பொய் சொல்லியிருக்கலாம் எண்டு எழுதேக்க, என்னையும் நினைச்சீங்களோ?”

பொய் சொல்ல ஓர் இடம் இருந்தது. சொல்ல முடியவில்லை.

“ஓம்.”

அவர் தலையை ஆட்டினார். என் தேநீர்க் கோப்பையையும் தன்னுடையதையும் எடுத்துக்கொண்டு போய்க் கழுவி வைத்தார். திட்டியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். வீட்டுக்குப் போய் அழுதேன். என்ன நடந்தது என்று கேட்ட கணவரிடம் ஒன்றுமில்லை என்று சொன்னேன்.

அடுத்த நாள் என் சகா வழக்கமான நேரத்துக்கு வந்தார். இருவரும் சேர்ந்து பட்டியலைத் திருத்தினோம், இலக்கம் அனுப்பும் பழைய முறையைத் திரும்பக் கொண்டுவந்தோம். சந்தேகம் வந்தால் ஆட்களைக் கேள் என்ற வரியை நானே தட்டெழுதினேன். அவர் எல்லாவற்றுக்கும் ஓம், ஓம் என்றார். படிக்கட்டுக்குப் போய் வந்தவர், அக்காதான் கோல் எடுத்தவ, அத்தானுக்குக் கை எரியுதாம் என்று தானாகவே சொன்னார்.

பின்னேரம் என் மின்னஞ்சலுக்கு அவரிடமிருந்து நான்கு படங்கள் வந்தன. இறக்கக்கண்டிக் கரையில் நான்கு படகுகள், ஒவ்வொன்றிலும் இலக்கம் தெளிவாகத் தெரிகிறது. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அதன் சொந்தக்காரர் தன் அடையாள அட்டையை நெஞ்சுக்கு நேரே பிடித்தபடி நிற்கிறார். நான்காவது படத்தில் அவருடைய அத்தான். இரண்டு கையிலும் துணி சுற்றியிருந்ததால் அட்டையை விரல் நுனிகளால் பிடித்துக்கொண்டு, விறைப்பாகக் கமராவைப் பார்த்தார். அந்தப் படங்களை நான் கேட்கவே இல்லை.