மேட்டில் இழுக்காத ஜீப்

கேஸ் சிலிண்டர் வந்தால் எடை போட்டுப் பார்க்காமல் ஆளை அனுப்ப மாட்டேன். கீரைக்கட்டைப் பிரித்துப் பார்த்துத்தான் வாங்குவேன். சந்தேகம் என் கூடவே பிறந்தது. அந்த ஜீப் விஷயம் நடக்கும்வரை அதற்காக நான் வெட்கப்பட்டதும் இல்லை.

பாகம் பிரித்தபோது மாமனாரின் டீசல் ஜீப் எங்களுக்கு வந்தது. கொழுந்தனாருக்கு அதன்மேல் ஆசை என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் அவர் வாய் திறந்து கேட்கவில்லை. கேட்காத ஆளை நம்பக் கூடாது என்பது என் கட்சி.

அவர் துடியலூரில் ஷெட் வைத்துப் பந்தயக் கார்களுக்கு எஞ்சின் ட்யூன் செய்கிறவர். நானோ மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பொள்ளாச்சி தாண்டி, மலையடிவாரத்து வறண்ட ஓடையில் அந்த ஜீப்பைப் பாறைமேல் ஏற்றிப் பழகுகிறவள். வீட்டுக்காரருக்கு இது தெரியும். மாமியாரிடம் மட்டும் கொடுமுடிக்குக் கோயிலுக்குப் போவதாகச் சொல்லி வைத்திருந்தேன். மாமியார் இருப்பது கொழுந்தனார் வீட்டில்.

ஒருநாள் அவராகவே வந்து, "ஜீப்பைக் குடுங்க நங்கை, நல்லா இழுக்கற மாதிரி செஞ்சு தாரேன்" என்றார். எங்கள் பக்கம் அண்ணியை நங்கை என்றுதான் கூப்பிடுவார்கள். ஏன் இந்தத் திடீர்க் கரிசனம்? எனக்கு உறுத்தியது.

"வண்டி எங்கீங்க அதிகமா ஓடுது? அதைச் சொன்னீங்கன்னா அதுக்குத் தக்கன செய்யலாமுங்க."

வேவு பார்க்கிறார், மாமியார் காதில் போட்டுவிடுவார் என்று நினைத்தேன். "மேட்டுப்பாளையம் ரோட்லதான் தம்பி. பஸ்ஸைத் தாண்டறப்ப இழுக்க மாட்டேங்குதுங்க" என்றேன்.

பத்து நாளில் ஜீப் திரும்பியது. எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவைக் கழற்றிப் பெரியதாக ஒன்றை மாட்டி, எஞ்சினின் கம்ப்யூட்டர் புரோகிராமையும் மாற்றியிருந்தார். ரோட்டில் பறந்தது. இவ்வளவு நன்றாக ஏன் செய்திருக்கிறார் என்று அதற்கும் ஒரு சந்தேகம் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஓடையில் ஏற்றினேன். முன்பெல்லாம் நடக்கிற வேகத்திலேயே முனகிக்கொண்டு ஏறிவிடும். இப்போது மிதித்தேன், இழுக்கவில்லை. இன்னும் மிதித்தேன், ஒன்றுமில்லை. மேலும் மிதித்ததும் மொத்த சக்தியும் ஒரேயடியாக வந்துவிட்டது. நான்கு சக்கரமும் சுழன்று, ஜீப் பக்கவாட்டில் வழுக்கி, ஒரு பாறையில் சாய்ந்து நின்றது. எனக்கு இடதுபுறம் ஆள் உயரப் பள்ளம்.

பயம் அடங்கியதும் கோபம் வந்தது. வேண்டுமென்றே செய்திருக்கிறார்! ஜீப் எனக்கு ஆகாது என்று ஆகிவிட்டால் அவரிடம்தானே போகும்? அங்கிருந்தே வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். "உங்க தம்பி என்னையக் கொல்லப் பாத்துபோட்டாருங்க."

மறுநாள் காலை, கையும் களவுமாகப் பிடித்துவிடுகிற தோரணையில் ஷெட்டுக்குப் போனேன். அவர் ஜீப்பின் அடியில் குனிந்து, அங்கே அப்பியிருந்த ஓடை மணலை விரலால் எடுத்துப் பார்த்தார்.

"இது மேட்டுப்பாளையம் ரோட்டு மண்ணு இல்லீங்களே, நங்கை?"

மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம்? ஓடை, பாறை, ஜீப் வழுக்கியது எல்லாவற்றையும் சொன்னேன்.

"டிராக்குல ஓடற காரு எஞ்சின் எப்பவும் வேகமான மேல் சுத்துலயேதானுங்க இருக்கும். பவரு அங்க வந்தாப் போதும். நீங்க பஸ்ஸைத் தாண்டோணும்னதால அந்த மாதிரியே செஞ்சுபோட்டேன். பாறையில ஏறறதுக்கு எஞ்சின் மெதுவாச் சுத்தறப்பவே இழுவை வேணுமுங்க. பெடலை மிதிச்சாலும் பவரு மெதுவாத்தான் வரோணும். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமுங்க."

பழைய டர்போவையே திரும்ப மாட்டினார். புரோகிராமைப் பாறைக்கு ஏற்றபடி எழுதினார். அப்போதும் நான் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறவிக்குணம் லேசில் போகுமா?

சாவியை வாங்கும்போது, "ராத்திரிக்கு ஊட்டுக்குச் சாப்பிட வாங்க தம்பி" என்றேன்.

"அண்ணன் நேத்துப் போன் பண்ணி, இனி எங்கூட்டுப் படி ஏறாதேன்னு சொல்லிப்போட்டாருங்க. எதுக்குன்னு எனக்கு இப்பத்தானுங்க புரிஞ்சுது."

அதன்பிறகு அந்த ஓடையில் ஜீப் ஒருமுறைகூட வழுக்கவில்லை. அவ்வளவு சுத்தமாகச் செய்திருக்கிறார். வீட்டுக்காரர் மன்னிப்புக் கேட்டார், நானும் கேட்டேன். "அதுக்கென்னங்க, வாரேன்" என்று கொழுந்தனார் மரியாதையாகத்தான் சொல்கிறார். இரண்டு தீபாவளி போய்விட்டது, வரவில்லை. தீபாவளியன்று வாசலில் ஏதாவது வண்டி நின்றால் என் வீட்டுக்காரர் சாப்பாட்டிலிருந்து தலையைத் தூக்கிப் பார்க்கிறார். என்னை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. சொல்லித் திட்டியிருந்தால் தேவலை.