எண்பது நிமிடத்துக்கு அப்பால்

மலேசியாவில், ஈப்போ டவுனில் வீடியோ எடுத்து விசிடி போட்டுக் கொடுப்பது என் தொழிலாக இருந்தது. ஒரு டிஸ்க்கில் எண்பது நிமிடம்தான் அடங்கும். அதுவும், டேட்டா சிடியில் பிழை திருத்துவதற்கென்று ஒதுக்கும் இடத்தில் பெரும்பகுதியை விசிடி ஃபார்மட்டில் படத்துக்கே கொடுத்துவிடுவதால்தான்.

செமோர் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தை வீடு கட்ட மூடினார்கள். அங்கே தோட்டத்துக் கோயிலில் நடந்த கடைசித் திருவிழாவை நான்தான் எடுத்தேன். டேப் தொண்ணூறு நிமிடம். இரண்டு டிஸ்க் போட்டிருக்க வேண்டும். சோம்பலில் கடைசிப் பத்து நிமிடத்தை வெட்டினேன். சாமியெல்லாம் முடிந்து பானை கழுவுவதை யார் பார்க்கப்போகிறார்கள்? பிறகு அந்த டேப்பின் மேலேயே ஒரு கல்யாணத்தை எடுத்து, இருந்ததை அழித்துவிட்டேன்.

திருவிழா முடிந்த அடுத்த வாரமே, அந்தத் தோட்டத்து லெட்சுமி அக்காவின் கணவர் மாரடைப்பில் போய்விட்டார். டிஸ்க்கில் அவர் வருவது கடைசியில் மட்டும்தான். காலி வாளியோடு ரப்பர் மரங்களுக்குள் தண்ணீர் எடுக்கப் போகிறார். முதுகுதான் தெரியும். படம் முடிந்துவிடும்.

அக்கா கடைக்கு வந்தார். "போறது இருக்கு தம்பி, திரும்பி வர்றத காணோமே?"

"பேட்டரி முடிஞ்சிருச்சுக்கா."

பல வருடம் கழித்து, போன மாதம், பிளேயர் சரியில்லை என்று என்னை வீட்டுக்குக் கூப்பிட்டார். மத்தியானம். படம் முடிந்து திரை நீலமாக நின்றது. அக்கா எதிரே இரண்டு காப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"முடிஞ்சிருச்சேக்கா, டிவிய அடைச்சிரவா?"

"சும்மா இரு லா. இப்பத்தான் வாராரு."

வாளியில் தண்ணீர் தளும்பும் சத்தம் கேட்டது. பிளேயரைத் திறந்து டிஸ்க்கை வெளியே எடுத்தேன். சத்தம் நிற்கவில்லை. நெருங்கி வந்தது.

டிஸ்க்கைக் கீழே வைத்தேன். "பேட்டரி முடியலக்கா. நான்தான் வெட்டினேன். அண்ணன் வந்தாரு. வாளிய எறக்கி வச்சிட்டு, கேமராவப் பாத்து உங்க பேரச் சொல்லி ஏதோ சொன்னாரு."

அக்கா என்னைத் திட்டவில்லை. "என்ன சொன்னாரு?" என்று மட்டும் கேட்டார்.

எனக்கு ஞாபகம் இல்லை. அதைக் கேட்டவன் நான் ஒருவன்தான்.

இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்கிறேன். இடம் போதவில்லை என்றால் இன்னொரு டிஸ்க் போடுங்கள். எது வேண்டாதது என்று நீங்கள் முடிவு செய்யாதீர்கள்.

இப்போது என் வீட்டிலும் டிவியை அடைத்த பிறகு அந்தத் தண்ணீர் தளும்புகிறது. வாளியைக் கீழே வைப்பதுவரை கேட்கிறது. அவர் பேசுவாரா என்று காத்திருக்கிறேன். பேசுவதில்லை.