கட்டிலில் தெளித்த வயல் மருந்து

எங்கள் ஊர் செங்கோட்டைக்குப் பக்கத்திலுள்ள வடகரை. சென்ற சாரல் காலத்தில் வீட்டில் மூட்டைப்பூச்சித் தொல்லை தாங்க முடியவில்லை. நெல்லுக்கு அடித்து மிஞ்சிய பூச்சி மருந்தை என் கணவர் தண்ணீரில் கலந்து கயிற்றுக் கட்டில் முழுக்கத் தெளித்தார். "இனி ஒண்ணுகூட மிஞ்சாது பாரு" என்றார். ஈரம் காய்ந்ததும் மூன்று வயது மகள் சுபைதாவை அதில் தூங்க வைத்துவிட்டுச் சமைக்கப் போனேன்.

அவள் அழுகுரல் கேட்டு ஓடினேன். உடம்பெல்லாம் வியர்வை, வாயில் எச்சில் வழிந்துகொண்டே இருந்தது. "உம்மா, இருட்டா இருக்கு, வெளக்கு ஏத்து" என்றாள். அப்போது நடுப்பகல்.

தென்காசி பஸ்ஸை வழிமறித்து ஏறினோம். பிள்ளைக்கு மூச்சு இழுத்தது. "ஏட்டி, உம்மாவப் பாருட்டி" என்று கதறினேன். "அண்ணாச்சி, எங்கனயும் நிறுத்தாதீக, பிள்ள போயிரும்" என்று கணவர் டிரைவரைக் கும்பிட்டார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் அவள் சட்டையை முகர்ந்தார். கணவர் நடந்ததைச் சொன்னார்.

"வெசத்துலயா பிள்ளயப் படுக்கப் போட்டீரு? அது தோல் வழியாவே உள்ள போயிருமே!"

சட்டையைக் கழற்றிவிட்டுச் சோப்பு போட்டுக் கழுவினார்கள். ஊசிமேல் ஊசி போட்டார்கள். "பொழச்சிருவாளா?" என்று கேட்டேன். டாக்டர் அடுத்த ஊசியை எடுத்தார்.

மறுநாள்தான் சுபைதா கண் திறந்து, "பசிக்கி உம்மா" என்றாள்.

இப்போது புதுக் கட்டிலுக்குக் கொதிக்கும் வெந்நீர் ஊற்றி, நாள் முழுக்க வெயிலில் காயப்போடுகிறேன். பாய்க்கு அடியில் நொச்சித் தழை பரப்புகிறேன். ஒன்றிரண்டு பூச்சி இன்னும் கடிக்கத்தான் செய்கிறது. கடித்துவிட்டுப் போகட்டும்.