நார்மல் ஒன்று

காதரின் போன் வந்தபோது என் இரண்டு கைகளும் கண்ணாடிப் பெட்டிக்குள், செல் வளர்க்கும் தட்டுகளின் மேல் இருந்தன. பன்னிரண்டு தட்டுகளில் ஐந்துக்குத்தான் புதுக் கரைசல் மாற்றியிருந்தேன். மேசைமேல் போன் அதிர்ந்து நின்றது, மறுபடி அதிர்ந்தது. திரையில் ஆயிஷாவின் தம்பி பெயர். என்ன செய்தி என்று தெரிந்துவிட்டது. ஆனாலும் எடுக்கவில்லை. மீதி ஏழு தட்டுகளையும் முடித்து, சூட்டுப் பெட்டிக்குள் வைத்துக் கதவைச் சாத்தி, கையுறையைக் கழற்றிவிட்டுத்தான் எடுத்தேன். கல்நெஞ்சக்காரி என்று நினைப்பீர்கள். நினைத்துக்கொள்ளுங்கள். என் கல்யாணப் பேச்சு முறிந்த அன்று இதே மேசையில் உட்கார்ந்து விசும்பிக்கொண்டிருந்த என்னை, "செல்லைப் பட்டினி போட்டுட்டு என்னளா அழுகை? மொதல்ல அதுக்குச் சோறு வையி, பொறவு ரெண்டு பேரும் சேந்து அழுவோம்" என்று எழுப்பிவிட்டவள் ஆயிஷா. சொன்னபடி பிறகு என்னோடு சேர்ந்து அழவும் செய்தாள்.

"வசந்தாக்கா, ராத்தா மவுத்தாயிட்டாவ. அசர் தொழுகைக்குப் பொறவு எடுக்கோம். வந்துருங்க" என்று அக்காவின் சாவைச் சொன்னான் காதர். அவ்வளவுதான். இந்த முறை சேர்ந்து அழ ஆள் இல்லை.

அவளை அறிந்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். இருபத்திரண்டு வருஷம் நானும் அவளும் பக்கத்துப் பக்கத்து மேசை. மும்பையில் நான் மாட்டுங்கா, அவள் தாராவி. நடுவில் ஒரு ரயில் பாதையும் ஒரு சாலையும்தான். ஆனால் அவளைச் சந்திக்கும்வரை நான் அந்தப் பக்கம் கால் வைத்ததில்லை என்பதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. முதல் மாதமே அதைக் கண்டுபிடித்துவிட்டாள். "லண்டன் போனவ, பாரீஸ் போனவ. தொண்ணூறு அடி ரோடு தாண்ட விசா கெடைக்கலையோ?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டாள். அந்த ஞாயிற்றுக்கிழமையே அவள் வீட்டில் மீன் குழம்பு வாசனையை முகர்ந்துகொண்டு, எனக்கென்று தனியாக வைத்த தேங்காய்ச் சாதம் சாப்பிட்டேன்.

எங்கள் வேலை பெருங்குடல் புற்றுநோய் ஆராய்ச்சி. குறிப்பாக, நாம் தின்கிற கொழுப்பு குடல் செல்லுக்குள் என்னென்ன சமிக்ஞைகளைக் கிளப்பிவிடுகிறது என்பது. இதை நான் விளக்கினால் கேட்பவர் கொட்டாவி விடுவார். ஆயிஷா விளக்கினதைக் காதரின் முறுக்குப் பட்டறையில் நேரில் கேட்டிருக்கிறேன். ஊரெல்லாம் சக்லி என்று வாங்கும் அதே முறுக்குதான். சோதனைக்காகப் புது எண்ணெய், ஒரு நாள் காய்ந்தது, மூன்று நாள் காய்ந்தது என்று சீசாக்களில் பிடித்துக்கொண்டிருந்தோம். மாவு பிசைந்துகொண்டிருந்த பெண்கள் விடவில்லை.

"இத வச்சு என்ன பண்ணப் போறீய?"

"எலிக்குக் குடுப்போம் மதினி. நம்ம செல்லுக்குச் சுத்திலும் உள்ள சுவரே கொழுப்புதான். நாம திங்குத எண்ணெ அதுலபோய் ஒட்டிக்கிடும். வாசல்ல காலிங் பெல் இருக்குன்னு வைங்க. ஒரு வகைக் கொழுப்பு அத அமுக்கிக்கிட்டே கெடக்கும். உள்ள இருக்குதவன் சும்மா இருப்பானா? எந்திரிச்சு எந்திரிச்சு ரெண்டாப் பிரிவான். மீன்ல உள்ள கொழுப்பு மாதிரி இன்னொரு வகை, அந்தச் சத்தத்தக் கொஞ்சம் கொறைக்கும்போலத் தெரியுது."

"அப்ப எந்த எண்ணெதான் நல்லது? சொல்லிட்டுப் போங்க."

"எனக்குத் தெரியாது மதினி. எலி என்ன சொல்லுதுன்னு பாப்போம். மனுசனுக்கு இதத் தின்னா வரும், இதத் தின்னா வராதுன்னு அடிச்சுச் சொன்னா அது பொய். காஞ்ச எண்ணெயத் திரும்பத் திரும்பக் காய்ச்சாதீங்க, அம்புட்டுதான்."

எட்டு மாதம் கழித்து எலிகள் தெளிவாக எதையும் சொல்லவில்லை. அதையும் அவள் அந்தப் பெண்களிடம் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். காதர் மட்டும் அன்றிலிருந்து எண்ணெயை அடிக்கடி மாற்றத் தொடங்கினான். "எலிக்குப் பயந்து இல்ல, ராத்தாவுக்குப் பயந்து" என்பான்.

இனிச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். இதற்குமேல் தள்ளிப்போட எனக்குத் தெம்பில்லை.

நோயாளியின் ரத்தத்தில் ஒன்றை அளந்தால், நோயில்லாதவர் ரத்தத்திலும் அதை அளந்து ஒப்பிட வேண்டும்; இந்த ஒப்பீட்டு ரத்தத்தைக் கன்ட்ரோல் என்போம். அதற்கு வெளியே போய் யாரைப் பிடிப்பது? லேபில் இருக்கிறவர்களே கையை நீட்டுவோம். குழாயில் பெயர் எழுத மாட்டோம், நார்மல் ஒன்று, நார்மல் இரண்டு என்று எண்தான். ஒன்று, எப்போதும் ஆயிஷா. இரண்டு, நான். ஊசியைக் கண்டால் நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். அவள், "எடு, எடு, நம்ம ரத்தம்தான் சுத்தத் தங்கம்" என்று கையை நீட்டுவாள். வருஷக்கணக்கில் அவள் அளவை வைத்துத்தான் மற்றவர்களின் அளவு கூடுதலா குறைவா என்று பார்த்தோம். கேன்டீனில்கூட, "நார்மல் ஒன்றுக்கு ஒரு கட்டிங் சாய்" என்று அவளுக்கு அரை டம்ளர் டீ சொல்வோம்.

இரண்டு வருஷம் முன்பு, நோன்புக்குச் சில நாள் இருக்கும்போது, கொழுப்பிலிருந்து பிறக்கிற ஒரு அழற்சிச் சமிக்ஞையை அளந்துகொண்டிருந்தேன். நோயாளிகளின் அளவு எதிர்பார்த்தபடி ஏறியிருந்தது. நார்மல் ஒன்றும் அவர்களோடு சேர்ந்து ஏறியிருந்தது. எனக்குக் கோபம் தலைக்கேறியது. யார்மேல்? அளக்கும் ரசாயனப் பெட்டியை, எங்கள் பேச்சில் கிட்டை, விற்றவன்மேல். போனில் அவனைக் கிழி கிழி என்று கிழித்தேன். "கெட்டுப்போன சரக்கை எங்க தலையில கட்டறேளா?" என்றேன். பிறகு நோட்டில் அந்த அளவைக் கோடு போட்டு அடித்தேன். அடுத்த வாரம் நார்மல் ஒன்றை விட்டுவிட்டு, மற்றவர்கள் ரத்தத்தை வைத்துச் செய்தேன். எல்லாம் அழகாக வந்தது. கெட்டுப்போனது கிட்தான் என்று நிம்மதியாகத் தூங்கினேன். பாவி நான்.

நோன்பு நாட்களில் அவளுக்கு மூச்சு வாங்கியது. குர்லா ஸ்டேஷன் படியில் பாதியில் நின்றாள். "சாப்பிடாம கொள்ளாம இருந்தா தலை சுத்தாம என்னடி பண்ணும்?" என்றேன். பெருநாள் முடிந்து சாப்பிடத் தொடங்கிய பிறகும் அதேபோல் படியில் நின்றாள். வயது என்றேன், ரத்தசோகை என்றேன், பேரீச்சம்பழம் வாங்கிக்கொடுத்தேன். குடலின் வலப்பக்கத்தில் வருகிற கட்டி கண்ணுக்குத் தெரியாமல் ரத்தம் கசியவிட்டு ஆளைச் சோர்த்துப் போடும் என்று நாங்கள் இரண்டு பேரும் எத்தனை முறை எழுதியிருப்போம்! அவளுக்குச் சரியாக அதேதான். கண்டுபிடித்தபோது ஈரல்வரை போயிருந்தது.

தாராவியிலிருந்து அவள் குடிமாறிப் போயிருந்த கோவண்டி வீட்டில், படுக்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு மத்தியானம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். கிட் கெடவில்லை ஆயிஷா, நான்தான் உன் அளவைக் கோடு போட்டு அடித்துவிட்டேன் என்று. அவள் சிரிக்க முயன்றாள், இருமல்தான் வந்தது.

"ஏளா கிறுக்கி. அது ஏறினா புத்துநோயின்னு யாரு சொன்னா? பல்லு வலிச்சாலும் ஏறும், சளி புடிச்சாலும் ஏறும். ஒத்த அளவ வச்சு நீயே முடிவு கெட்டாத."

"இருந்தாலும் உன்னைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேடி. உடம்பு எப்படி இருக்குன்னு."

என் கையைப் பிடித்துக்கொண்டாள். சூடாக இருந்தது. "நோட்டுல அந்தப் பக்கத்த நீ சரியாப் பாக்கலியோ? கீழ பாரு" என்றாள்.

அடக்கம் முடிந்து மூன்றாம் நாள்தான் பார்க்கத் துணிந்தேன். எங்கள் நோட்டில் எதையும் அழிக்கக் கூடாது. தப்பென்றால் ஒற்றைக் கோடு, அடியில் இருப்பது படிக்கும்படி. பக்கத்தின் முடிவில் இன்னொருவர் சரிபார்த்துக் கையெழுத்திட வேண்டும். என் கோட்டுக்குக் கீழே அவளுடைய சாய்ந்த எழுத்து: 'கன்ட்ரோல் சரியில்லை. ஆளை மாற்றிச் செய்யவும்.' ஆயிஷா என்று கையெழுத்து. அது தன் ரத்தம் என்று தெரிந்தும், தனக்கு நோய் வரக்கூடும் என்று அவளுக்கும் தோன்றவில்லை. நார்மல் என்று நாங்களே ஒட்டிய சீட்டை நாங்களே நம்பிவிட்டோம். அந்தப் பக்கத்தின்மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு, எந்தத் தட்டுக்கும் சோறு வைக்காமல் அழுதேன். அவள் திட்டட்டும் என்றுதான் அழுதேன்.

கோவண்டியிலிருந்து அன்று நான் புறப்படும்போது அவள் இன்னொன்றும் சொல்லியிருந்தாள். "இனிமே கன்ட்ரோல் தப்பா வந்தா கிட்டுக்காரன ஏசாத. மொதல்ல அந்த ஆளுக்குப் போனப் போடு."

போன வாரம் அப்படி ஒன்று வந்தது. நார்மல் ஐந்து, எங்கள் காவலாளி. உடனே அவருக்குப் போன் போட்டேன். கடைவாய்ப்பல் வீங்கிக் கிடக்கிறது மேடம் என்றார். அதோடு விடவில்லை, டாக்டரிடம் அனுப்பி எல்லாம் பார்க்கச் சொன்னேன். பல்தான். ஆயிஷா இருந்திருந்தால், "நான் சொன்னேன்லா?" என்று அன்று முழுவதும் என்னை விட்டிருக்க மாட்டாள்.

அவளிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்தப் போன் போடுகிற பழக்கம் ஒன்றுதான். இப்போது ரத்தம் கொடுக்கிறவர்களுக்குப் புதுப் பட்டியல் எழுதச் சொன்னார்கள். எல்லோரையும் ஒரு எண் மேலே ஏற்றிவிடு, ஒன்று காலியாக இருக்கிறதே என்றார்கள். முடியாது என்றேன். நான் நார்மல் இரண்டு.